கள்ளிமுனைக் குழாய்

குரு என்றால் மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மணல்விளை மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியில், இரண்டு மானிட்டருக்கும் ஒரு மேசை விசிறிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த குருவின் பெயர் விஜிலா. வயது நாற்பதைத் தொடவில்லை. வீண்பேச்சு பிடிக்காது. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் பழக்கமும் கிடையாது.

சீடர் குருவைவிட மூத்தவர். லெயோன் என்று பெயர். பாதி ஆயுசைக் கப்பலில் ரேடியோக்காரராகக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டில் சும்மா இருந்தால் பொண்டாட்டியோடு சண்டைதான் வருகிறது என்று கண்டுகொண்டு, ஒருநாள் சங்கத்து மாடியேறி வந்து நின்றார்.

"டீச்சர், இந்த மிஷினை எனக்கும் சொல்லித் தாங்க."

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"கப்பல்ல இருந்தப்ப, கரையிலேர்ந்து ஒரு குரல் வராதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கெடப்பேன். இப்போ நான் கரையில இருக்கேன். நான் குரல் கொடுக்க வேண்டாமா?"

விஜிலா பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். தீட்சை என்று வேறெதுவும் நடக்கவில்லை.

அந்த மிஷினின் வேலை லேசானதுதான், ஆனால் பிசகக் கூடாதது. வானிலை ஆபீஸிலிருந்து காற்று எச்சரிக்கை வரும். வந்ததும், கரையோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் கோயில் கொடிமரத்துப் பக்கம் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கருக்கு மிஷின் அதை அனுப்பும். குழாய் கத்தும். வள்ளம் இறக்கப் போனவன் நிற்பான். அதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கடலுக்குக் கிளம்புகிறவன் போனைப் பாலிதீன் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டிக்குள் வைத்த பிறகு அதில் யார் கூப்பிட்டால் அவனுக்கென்ன? குழாய்ச் சத்தம்தான் அவன் காதில் விழும்.

எந்த ஊர்க் குழாய்க்கு எந்த எண் என்பதை ஒரு கோப்பு சொல்லும். யூனிக்ஸ் என்ற கணினி அமைப்பில் ஓடுகிற அந்த மிஷினின் அடிமடியில் இருக்கிற சின்னக் கோப்பு அது. இடப்பக்கம் எண், வலப்பக்கம் ஊர்ப் பெயர். அந்தக் கோப்பு சொல்கிற இடத்துக்குத்தான் மிஷின் போகும்.

கள்ளிமுனையில் இருந்த பழைய குழாயை உப்புக்காற்று தின்றுவிட்டது. புதுசு வாங்கிக் கட்டினார்கள். புதுக் குழாய்க்குப் புது எண். லெயோன் கோப்பைத் திறந்து, கள்ளிமுனைக்கு நேரே பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதினார். ஒரு சோதனைச் சத்தம் அனுப்பினார். நல்லாக் கேக்குது அண்ணாச்சி என்று அங்கிருந்து போன் வந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் போன். பேசியது மரியசெல்வம். கள்ளிமுனைக் குழாய்க்குப் பொறுப்பு அவள்தான். புருஷனும் மகனும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார்கள் என்பதால் அந்தப் பொறுப்பை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அண்ணாச்சி, பக்கத்து ஊர்ல எல்லாம் குழாய் கத்துது. எங்க ஊர்க் குழாய் மட்டும் ஊமையா நிக்கி. நாங்க என்ன பாவஞ் செஞ்சோம்?"

லெயோன் ஓடிப்போய்க் கோப்பைத் திறந்து பார்த்தார். புது எண் இருந்த இடத்தில் பழைய எண் உட்கார்ந்திருந்தது.

மறந்துவிட்டோமோ என்று தன்னையே நொந்துகொண்டு திரும்ப மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பழையபடி பழைய எண். நாய் வாலை நிமிர்த்தின கதையாகிவிட்டது.

ஆத்திரம் வந்தால் கப்பல்காரனுக்கு வாய் நிற்காது. சங்கத்துச் செயலாளரிடம் போய்ச் சத்தம் போட்டார். எலக்ட்ரீஷியன் தாசனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "அண்ணாச்சி, அந்த மிஷினை எந்தப் பக்கம் ஆன் பண்ணணும்னே எனக்குத் தெரியாது. என்னைப் போய்க் கேக்கியளே" என்று தாசன் கும்பிட்டான். மிஷினுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று பார்த்தார். அவரையும் டீச்சரையும் தவிர யாரும் நுழையவில்லை. குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற வேலைகளின் வரிசையையும் பார்த்தார். அதிலும் ஒன்றும் சிக்கவில்லை.

கடைசியில் கோப்பைப் பூட்டிவிட்டார். யூனிக்ஸில் அப்படி ஒரு வழி இருக்கிறது. பூட்டிவிட்டால் ராஜாவே வந்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது.

விஜிலா அன்று மாலை வந்து பார்த்தாள்.

"பூட்டியிருக்கீங்க."

"ஆமா டீச்சர். இனி எவன் வர்றான்னு பாத்துருவோம்."

அவள் ஒரு வரி தட்டினாள். பூட்டுத் திறந்துகொண்டது.

"டீச்சர்! இப்பத்தானே பூட்டினேன்!"

"பாத்தேன்."

"திறந்து வச்சா அவன் திரும்ப வருவானே?"

"வரணும்."

லெயோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஜிலா மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மனுஷன் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டு முத்தத்துல யாரோ தினமும் வந்து ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுப் போறாங்கன்னு வச்சுக்கோங்க. என்ன செய்வீங்க?"

"கேட்டைப் பூட்டுவேன். முத்தம் சேறாகுதுல்லா?"

"ஒரு காலத்துல அங்க ஒரு செடி இருந்திருக்கு. அது பட்டுப்போனது அவங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஊத்துறாங்கன்னா?"

லெயோன் தலையைச் சொறிந்தார்.

"தடுக்கிற காவல் வேண்டாம் அண்ணாச்சி. பாக்கிற காவல் போடுங்க. அந்த ஃபைலை எது தொட்டாலும் அதோட பேரை எழுதி வைக்கட்டும். வர்றது யாருன்னு முதல்ல தெரியட்டும்."

எப்படிக் காவல் போடுவது என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்ததோடு சரி. சீடனிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. கேட்பாள், அவர் சொல்வதை நம்புவாள்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. பேட்டரியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நெட்வொர்க் மட்டும் செத்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கரண்ட் வந்தது, நெட்வொர்க்கும் உயிர் பெற்றது. லெயோன் கோப்பைப் பார்த்தார். பழைய எண்.

"வந்துட்டியா மக்கா" என்று சொல்லிக்கொண்டே காவல் எழுதிவைத்ததைத் திறந்தார். அதில் ஒரு சின்னப் புரோகிராமின் பெயர் இருந்தது. அந்தப் புரோகிராமையும் திறந்தார்.

செய்கிற வேலை ஒன்றே ஒன்று. நெட்வொர்க் அறுந்து திரும்ப வந்தால், பத்திரமாக வைத்திருக்கும் மூலப்படியை எடுத்து அந்தக் கோப்பின் மேல் எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான். எழுதியது யார் என்று முதல் வரியில் இருந்தது. விஜிலா. பக்கத்தில் வருஷம்.

அந்த வருஷத்தை லெயோன் இன்னொரு தடவை படித்தார். அந்தக் கரையில் பிறந்த எவருக்கும் அது எந்த வருஷம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

புயல் வருஷம் அது. விஜிலா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. கரண்ட் போன நேரத்தில் அந்தக் கோப்பு பாதி எழுதியபடி அறுந்து, ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வெறுமையாகிப் போனது. எச்சரிக்கை என்னவோ ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குத் தெரியாததால் அது அங்கேயே கிடந்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அது. ஒரு குழாயும் கத்தவில்லை. அன்றைக்குத் திரும்பாத வள்ளத்தில் விஜிலாவின் தம்பி அஜின் இருந்தான். உடம்பு கிடைக்கவில்லை. அவன் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். அடக்கம் முடிந்து, அழுத முகத்தைக்கூடக் கழுவாமல் அவள் மாடியேறிப் போய் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். என்ன எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது. லெயோனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மிஷினே மாறிவிட்டது. புது மிஷினைக் கொண்டுவந்தவர்கள், பழையதில் இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி அப்படியே இதற்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் புரோகிராம் பழைய மிஷினோடு போய்விட்டது என்றுதான் விஜிலா நினைத்திருந்தாள். அதுவோ போகாமல், யாரும் சொல்லாமலே, கரண்ட் போய் வரும்போதெல்லாம் கோப்பைத் துடைத்துச் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறது. எந்த ஊர் எண்ணும் மாறாத வரைக்கும் அது செய்ததெல்லாம் நன்மைதான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லலாமா? லெயோனால் அப்படி நினைக்க முடியவில்லை. வேலி காவல்தான் காத்தது, பாவம். பயிர் இடம் மாறிய சேதி அதற்குத் தெரியாது.

சாயங்காலம் விஜிலா கேட்டாள். "யாருன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

லெயோன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அக்கறையோடு கேட்கிற முகம்.

"இன்னும் இல்லை டீச்சர்."

சொல்லிவிட்டுத் தன் பொய்யைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். உன் தம்பி நினைப்பில் நீ எழுதிவைத்ததுதான் இன்னொரு ஊரை ஊமையாக்குகிறது என்று எந்த நாக்கால் சொல்வது? அதுவும் குருவிடம்! கப்பலில்கூட, கேப்டன் பிசகினால் மாலுமிகள் மூச்சுக் காட்டாமல் பின்னாலேயே போய்ச் சரிசெய்துவிடுவார்கள். அவர் பழகிய வழக்கம் அது.

மூலப்படியில் ஒரு வரியை மாற்றினால் போதும், தொல்லை தீர்ந்துவிடும். அதுவும் அவருக்குத் தெரியாமல் இல்லை. மூலப்படி டீச்சரின் பெயரிலிருந்த இடத்தில் இருந்தது. தம்பியை அடக்கம் செய்த வாரத்தில் அவள் கையால் எழுதியது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கை வைக்க மனசு வரவில்லை. கோயில் படத்துக்கு முன்னால் யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியை எடுத்து இடம் மாற்றுகிற மாதிரி இருந்தது. மூடிவிட்டார்.

அதற்குப் பதிலாக வேறொரு வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கரண்ட் போய் வந்தால் உடனே சைக்கிளை மிதித்து வருவது, கள்ளிமுனை எண்ணைக் கையால் திருத்துவது, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துகொள்வது.

அந்தக் கரையில் கரண்ட் போவதற்குக் கணக்கா வழக்கா? குளித்துக்கொண்டிருக்கும்போது போகும். சோற்றில் கை வைக்கும்போது போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் கோயில் விசிறிகள் நின்றால் மற்றவர்கள் துண்டால் விசிறிக்கொள்வார்கள், லெயோன் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவுவார்.

"கரண்ட் போனா ஊர்ல எல்லாரும் விசிறியத் தேடுதாவ. நீங்க மட்டும் சைக்கிளத் தேடுதிய" என்றாள் அவர் மனைவி ரெஜினா. "அந்த மிஷின் உங்களுக்கு யாரு, ரெண்டாந்தாரமா?"

"வாயை மூடு. புண்ணியமான வேலை."

"புண்ணியம் செய்யுதவன் மூஞ்சி இப்படித் திருட்டு மூஞ்சியாவா இருக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விஜிலா அவ்வப்போது கேட்பாள். "அது அப்புறம் வந்துச்சா?"

"காணோம் டீச்சர். தானா நின்னுட்டுது போல."

"தானா எதுவும் நிக்காதே அண்ணாச்சி."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி" என்று அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

உடன்குடியில் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் போகாமல் முடியுமா? வானம் கண்ணாடியாகக் கிடந்தது. இன்றைக்கு ஒருநாள் கரண்ட் போனால் ஃபைலைப் பாருங்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். எதுக்கு என்று அவள் கேட்பாளே? சொல்லாமலே பஸ் ஏறினார்.

கல்யாணப் பந்தியில் பிரியாணி வைத்த நேரம், பந்தல் விசிறிகள் நின்றன. லெயோன் பந்தியிலிருந்து எழுந்தார். எச்சில் கையோடு வெளியே வந்து, இடது கையால் போனை எடுத்து விஜிலாவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அங்க கரண்ட் இருக்கா?"

"போச்சு, இப்பத்தான் வந்துச்சு. ஏன் அண்ணாச்சி?"

இதோ, இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சும்மாதான் கேட்டேன்."

"கல்யாண வீட்டுல இருந்துக்கிட்டு மிஷின் நினைப்பு எதுக்கு? நல்லாச் சாப்பிடுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவரால் சாப்பிட முடியவில்லை. "தாய்மாமன் பந்தியிலேர்ந்து பாதியில எந்திரிக்கலாமா?" என்று தங்கை அழுதாள். அவர் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார்.

பஸ் பாதி வழி வருவதற்குள் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனைகள் பேயாட்டம் ஆடின. லெயோன் மரியசெல்வத்தைக் கூப்பிட்டார்.

"குழாய் கத்துச்சா தாயி?"

"இல்லையே அண்ணாச்சி. எதுக்கு? இவியளும் மகனும் இப்பத்தான் வள்ளத்த இறக்கிட்டுப் போனாவ. மூணு வள்ளம் போயிருக்கு." அவள் குரல் சட்டென்று மாறியது. "ஏன் அண்ணாச்சி கேக்கிய? காத்து பெருசா வருதா?"

மாதாவே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அடுத்து டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், கள்ளிமுனை..."

"தெரியும். எச்சரிக்கை வந்துச்சு. எல்லா ஊர்லேர்ந்தும் குழாய் கேட்டுச்சுன்னு போன் வந்துச்சு, கள்ளிமுனையிலேர்ந்து மட்டும் வரலை. ஃபைலைத் திறந்துதான் வச்சிருக்கேன்." குரல் நிதானமாக இருந்தது. "அங்கேர்ந்து மூணு வள்ளம் போயிருக்குன்னு சொன்னாங்க, தேடுறதுக்குப் பெரிய போட்டு ஒண்ணை அனுப்பியிருக்கேன். நீங்க நேரா கள்ளிமுனைக்கு வாங்க அண்ணாச்சி."

அவர் போய்ச் சேர்ந்தபோது கரையெல்லாம் பெண்கள் நின்றார்கள். காற்று சேலையைப் பிய்த்தது. கொடிமரத்துப் பக்கம் புதுக் குழாய் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மரியசெல்வம் அவரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"ஒரு வார்த்தை காதுல விழுந்திருந்தா இவிய போயிருக்க மாட்டாவளே அண்ணாச்சி" என்றாள்.

விஜிலா தண்ணீர் விளிம்பில் நின்றாள். முழங்கால் வரை நனைந்திருந்தது. லெயோன் போய்ப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் கடலையே பார்த்தார்கள்.

ஒரு வள்ளம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டிலும் மரியசெல்வத்தின் ஆட்கள் இல்லை. அவள் மணலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள். லெயோனும் அந்தக் கடலிடம் என்னென்னவோ பேரம் பேசினார். என்னை எடுத்துக்கோ, அந்தப் பையனை விடு என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய போட்டு தெரிந்தது. அதற்குப் பின்னால், கயிற்றில், இன்ஜின் நின்றுபோன மூன்றாவது வள்ளம். உள்ளே இரண்டு தலைகள். மரியசெல்வம் போட்ட சத்தம் குழாய்ச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓடிப்போய் மகனை முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன்காரன் குளிரில் வெடவெடத்துக்கொண்டே, "எனக்கு அடி இல்லையாட்டி?" என்று கேட்டான். கரையே சிரித்தது, அழுதது.

லெயோன் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ கொடுத்த கடுங்காப்பி இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு விஜிலா வந்தாள். ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"பந்தியில சாப்பிட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். மடியிலிருந்து ஒரு பொறை ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், நான்..."

"காவல் எழுதி வச்சதைப் படிச்சேன்" என்றாள் விஜிலா. "அந்த ஃபைல்ல ரெண்டு பேரு மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க. ஒண்ணு என் புரோகிராம். கரண்ட் வந்ததும் எழுதுது. அடுத்தாப்புல, சைக்கிள்ல வர்ற நேரம் கழிச்சு, நீங்க எழுதுறீங்க."

"முதல் தடவை காவல் போட்டப்பவே கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர்."

"ம்."

"மூலப்படியில மாத்தினாப் போதும்னும் தெரியும்."

"மாத்திட்டேன். ஒரு வரிதான். இனி அது கள்ளிமுனையையும் சேத்துக் காவல் காக்கும்."

காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. மரியசெல்வத்தின் மகன் குழாய்க்கு அடியில் நின்று, அது வேலை செய்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லலை?"

லெயோன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அது தம்பிக்காக எழுதினதுல்லா டீச்சர். அதுதான் இந்த ஊரை ஊமையாக்குதுன்னு உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீங்க ஒடிஞ்சு போயிருவீங்களோன்னு பயந்தேன். சத்தியமா அதுதான்."

விஜிலா தன் டம்ளரைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் கைமேல் தன் கையை வைத்தபோது அதில் கோபம் இல்லை.

"அன்னைக்கு அஜினுக்கு யாரும் சொல்லலை அண்ணாச்சி. அதுக்காகத்தான் அதை எழுதினேன்."